ஹைட்டி வாசிப்பு: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 22

ழாக் ஸ்டீபன் அலெக்சிஸ் 1922இல் ஹைட்டியின் கோனாயிவ் நகரில் பிறந்த நாள் இன்று. மருத்துவரும் நாவலாசிரியருமான இவர், சர்வாதிகாரி பிரான்சுவா துவாலியே ஆட்சிக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1959இல், மக்கள் இணக்கக் கட்சி என்ற கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். துவாலியேயும் மருத்துவர்தான், 'பாப்பா டாக்' என்ற பெயர் அதனால் வந்தது. 1961 ஏப்ரலில் துவாலியேயை எதிர்க்க நான்கு தோழர்களுடன் ஹைட்டியின் வடமேற்குக் கரையில் மோல் சென்-நிக்கோலா பக்கம் இறங்கிய அலெக்சிஸ் பிடிபட்டார், அதன்பின் திரும்பவேயில்லை.

ஏப்ரல் 24

துவாலியேயின் ஆயுதப் படையை மக்கள் 'டோன்டோன் மக்கூட்' என்றழைத்தனர். ஹைட்டி மக்களின் கதைகளில், அடங்காத குழந்தைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்லும் கிழவனின் பெயர் அது. நம் ஊர்ப் பிள்ளைபிடிக்காரனேதான். அங்கே அவன் துப்பாக்கியுடன் பகலிலேயே தெருவில் நின்றான்.

ஏப்ரல் 26

அலெக்சிஸின் கட்சியும் இன்னொரு இடதுசாரி அமைப்பும் இணைந்து ஹைட்டிய ஐக்கியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவான சில மாதங்களில், 1969 மார்ச் இறுதியில், காஸால் கிராமத்தில் துவாலியேயின் கறுப்பு-சிவப்புக் கொடி இறக்கப்பட்டு, அவர் 1964இல் ஒழித்திருந்த பழைய நீல-சிவப்புக் கொடி ஏற்றப்பட்டது. கம்யூனிஸ்டுகள் முன்னின்ற கிளர்ச்சியில் செங்கொடிக்குப் பதில் தேசியக் கொடி ஏறியதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த விவசாயிகளுக்குத் தங்களிடமிருந்து பறிபோனது எதுவெனத் தெரிந்திருந்தது. படைகள் வந்தன, வீடுகள் எரிந்தன, பலர் கொல்லப்பட்டனர்.

ஏப்ரல் 28

இதே தேதியில், 1969இல், கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சட்டம் வந்தது. இன்று முழுக்க அதன் முதல் பிரிவிலேயே நின்றுவிட்டேன். கம்யூனிச நம்பிக்கையை வாயால் சொன்னாலும் எழுதினாலும், பொதுவிடத்தில் ஆனாலும் வீட்டுக்குள் ஆனாலும், குற்றம்; சொற்பொழிவு, உரையாடல், வாசிப்பு, துண்டறிக்கை, புத்தகம், படம் என்று பட்டியல் நீள்கிறது. தண்டனை மரணம், விசாரிப்பது இராணுவ நீதிமன்றம். அச்சகத்தாரும் புத்தகக் கடைக்காரரும்கூட இதற்குள் வருகிறார்கள். சில நூறு பேரே இருந்திருக்கக்கூடிய கட்சிக்கு இவ்வளவு அகலமான வலை எதற்கு என்ற கேள்வி உறங்கவிடவில்லை.

ஏப்ரல் 29

விடையின் ஒரு பாதி வாஷிங்டனில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கென்னடி காலத்தில் பெருமளவு நிறுத்தப்பட்ட அமெரிக்க உதவி துவாலியேக்கு மறுபடி தேவைப்பட்டது. கம்யூனிஸ்ட் வேட்டைதான் அவர் கையிலிருந்த சரக்கு. சட்டம் வந்த இரண்டே மாதத்தில், ஜூலை தொடக்கத்தில், நிக்சனின் தூதராக நெல்சன் ராக்ஃபெல்லர் ஹைட்டியின் தலைநகர் போர்த்-ஓ-பிரன்ஸ் வந்தார். அரண்மனை மாடத்தில் துவாலியேயின் பக்கத்தில் நின்று, கீழே திரண்டவர்களைப் பார்த்து அவர் கையசைக்கும் படத்தைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.