நடப்பதற்கு மட்டுமல்ல ‘ஹொஜிச்’

போலந்தின் போலிஷ் மொழியில் ‘போ’வுக்கு ஒரே சொல் கிடையாது. இப்போது ஒரு திசையில் நடந்தால் ‘இஷ்ச்’, வழக்கமாகப் போய்வந்தால் ‘ஹொஜிச்’. ‘இதென் தோ ஷ்கோவி’ (‘இதென்’ என்பது ‘இஷ்ச்’சின் ‘நான்’ வடிவம்) என்றால் பள்ளிக்கு நடந்துகொண்டிருக்கிறேன். ‘ஹொஜென் தோ ஷ்கோவி’ என்றால் பள்ளியில் படிக்கிறேன். தமிழர் சறுக்குவது இங்கேதான், நம் ‘போறேன்’ இரண்டையும் தாங்கும்.

பயணம் என்று வந்தால் இரண்டுமே நடந்து போவதற்குத்தான். வார்சாவிலிருந்து க்ராகோவ் நகருக்கு ‘இதென் தோ க்ரகோவா’ என்றால் 250 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறேன் என்றாகிவிடும்! ரயிலோ காரோ என்றால் ‘யெஹாச்’.

‘ஹொஜிச்’சின் அழகு அதற்கு அப்பால். கடிகாரம் ‘ஹொஜி’, நமக்கு ஓடுகிறது. ஒருவரோடு ‘ஹொஜிச்’ என்றால் காதலிப்பது. ஆகவே நண்பருடன் உலாவப் போனதைச் சொல்லும்போது கவனம். ‘ஓ த்ஸோ ஹொஜி?’ என்றால் ‘என்ன விஷயம்?’, நடையே இல்லை. இதைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுசாக மனப்பாடம் செய்யுங்கள்.

‘இஷ்ச்’சும் சளைத்ததல்ல. ‘யாக் ச்சி இஜெ?’ அப்படியே நம் ‘எப்படிப் போகுது?’ ஆனால் ‘இஜெ ஜிமா’வுக்குக் குளிர்காலம் வருகிறது என்று பொருள், போகிறது என்றல்ல.

போலந்தின் வடகிழக்கே மசூரியா வட்டாரப் பேச்சைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: அங்கே ‘ஷ்கோவி’யில் வருவது போன்ற ‘ஷ’ பெரும்பாலும் ‘ஸ’ ஆகிவிடும்.