ஷண்ட் வைப்பதற்கு முன் அப்பாவுக்கு எடுத்த ஈஈஜி

அப்பாவுக்கு முதலில் போனது நடை. பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இழுத்து இழுத்து நடப்பார், திரும்புவதற்கே நாலைந்து அடி வைக்க வேண்டும். பார்க்கின்சன் என்று சொல்லி கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார்கள், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் மறதி, பாத்ரூம் போவதற்குள் சிறுநீர் வந்துவிடுவது. எம்ஆர்ஐ பார்த்த நரம்பு டாக்டர், மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் விரிந்திருக்கின்றன, என்பிஎச் (நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ், மூளையில் நீர் தேங்கும் நோய்) ஆக இருக்கலாம் என்றார். 1965-இல் ஹக்கீம், ஆடம்ஸ் என்ற இருவர் விவரித்த நோயாம். நீர் தேங்கினாலும் முதுகில் ஊசி போட்டுப் பார்த்தால் அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

வைத்தியம் ஷண்ட். தேங்கும் நீரை இறக்க மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கு அடியில் ஒரு குழாய். சிக்கல் என்னவென்றால் எல்லோருக்கும் அது பலன் தராது, ஆனால் தொற்று, ரத்தக்கசிவு பயம் எல்லோருக்கும் உண்டு. வயசான மனுஷரை மேஜையில் படுக்க வைப்பதற்கு முன் பலன் இருக்குமா என்று தெரிய வேண்டாமா?

அதற்குத்தான் டேப் டெஸ்ட். முதுகுத்தண்டில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி வரை நீர் எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்க விட்டு நேரம் பார்ப்பார்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். நடை தேறினால் ஷண்ட் உதவும் என்று ஓரளவு நம்பலாம். தேறாவிட்டால் உதவாது என்று சொல்லிவிட முடியாது, அதுதான் இந்த டெஸ்ட்டின் பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்க முடியுமா என்று பார்க்கத்தான் எங்களிடம் ஈஈஜிக்கு, அதாவது தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வதற்கு, சம்மதம் கேட்டார்கள், ஆராய்ச்சிக்காக. ஜப்பானின் ஒசாகாவில் நடந்து 2013-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், ஷண்ட்டால் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் ஆபரேஷனுக்கு முந்தைய மூளை அலைகளிலேயே வித்தியாசம் தெரிந்ததாம். ஊசி இல்லை, வலி இல்லை, சரி என்றோம்.

முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள் (அப்பாவுக்கு இதுதான் பெரிய தண்டனை). தலையை அளவு நாடா வைத்து அளந்து, பசை தடவி, ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஒட்டினார்கள். கண்ணை மூடிச் சும்மா படுத்திருக்க வேண்டும், தூங்கக் கூடாது, ஏனென்றால் தூக்கம் வந்தால் அலையே மாறிவிடும். "ஐயா, முழிச்சிருக்கீங்களா?" என்று டெக்னீஷியன் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார், அப்பா ஒவ்வொரு தடவையும் "உம்" என்றார். பல்லைக் கடித்தால்கூட கோடு தாறுமாறாக எகிறுகிறது.

எங்களுக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் அலை கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, வலிப்புக்கான அறிகுறி இல்லை, அவ்வளவுதான். ஷண்ட் பலிக்குமா என்பதற்கான கணக்கை அவர்கள் நிறையப் பேரைச் சேர்த்துத் தனியாகப் போடுவார்களாம். "இதை வைத்து ஆபரேஷன் முடிவு செய்ய மாட்டோம்" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. எனவே யாராவது ஈஈஜி எடுத்து ஷண்ட் வேண்டும், வேண்டாம் என்று அடித்துச் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்கள் முடிவு நடை டெஸ்ட்டில்தான் வந்தது. நீர் எடுத்த பிறகு அப்பா திரும்பிய விதமே வேறு, இரண்டு நடையையும் போனில் எடுத்து வைத்திருந்ததால் அக்காவும் மாமாவும் வாக்குவாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டார்கள். இப்போது ஷண்ட் வைத்தாயிற்று. நடை நன்றாகத் தேறியிருக்கிறது, சிறுநீர் பரவாயில்லை, மறதி மட்டும் அப்படியே. ஷண்ட்டில் நீர் போகும் அளவைக் கட்டுப்படுத்துவது வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வு என்பதால், இனி எம்ஆர்ஐ எடுத்தால் அதன் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு கார்டு அப்பாவின் பர்ஸிலேயே இருக்கிறது.