அணைத்த பிறகும் வேலை செய்யும் திரை

ஒவ்வொரு பிக்சலும் (படப்புள்ளியும்) தானே ஒளிரும் எங்கள் வீட்டு ஓஎல்இடி டிவியை இரவில் ரிமோட்டில் அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, உள்ளே ‘டிக்’ என்று ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) ஓசை கேட்கும். அதற்குப் பிறகே சுவர் சுவிட்சைத் தொடுவேன். ஒவ்வொரு பிக்சலின் ஒளியும் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. அந்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மென்படல டிரான்சிஸ்டரோ (பிக்சலுக்குள் இருக்கும் நுண்ணிய மின்னணுக் கருவி), சூடேறினால் அதே மின்னழுத்தத்துக்குக் கூடுதல் மின்னோட்டத்தை விட்டுவிடும். ஆகவே, பயன்பாட்டால் டிரான்சிஸ்டரில் வரும் தேய்மானத்தை அளந்து திருத்தும் மின்சுற்று, திரைப் பேனலின் வெப்பநிலையையும் அறிந்தாக வேண்டும். இல்லையேல், சூட்டினால் வந்த தற்காலிக மாற்றத்தையும் நிரந்தரத் தேய்மானமாகக் கணக்கிட்டு, தவறான திருத்தத்தைப் பதிந்துவிடும், திரையில் மெல்லிய பட்டைகள் தெரியும். பல டிவிகள், மொத்தம் 4 மணி நேரம் ஓடியபின், காத்திருப்பு நிலையில் இந்த அளவீட்டைச் செய்கின்றன. அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால் அளவீடு பாதியில் நின்றுவிடும்.