சிப்பாயின் முகத்துக்கு எந்த நிறம்?

மேசைப் போர் விளையாட்டுக்கான வரலாற்று உருவங்களை மாற்றியமைத்து வர்ணம் பூசுவது என் தொழில். திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தைதான் பட்டறை. 28 மில்லிமீற்றர் அளவுள்ள உலோக வீரர்கள் வெளிநாட்டிலிருந்து பொதிகளில் வந்து சேர்வார்கள். அதிகம் வருவது நெப்போலியன் காலத்துப் படைகள். ஒரு வாடிக்கையாளர் மட்டும் எங்கள் ஊரின் போரைக் கேட்டார். 1782 ஜனவரியில் ஒஸ்டன்பேர்க் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலையைக் கைப்பற்றினார்.

ஜனவரித் தாக்குதலுக்கு ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸின் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து சிப்பாய்களும் வந்திருந்தார்கள். தமிழ் பேசியவர்கள் அவர்களிடையே இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். பொதியில் இருந்தவர்களோ அத்தனை பேரும் ஐரோப்பியர்.

மேலே சிவப்புக் கோட்டு, கீழே தொடையோடு நிற்கும் குட்டைக் காற்சட்டை, காலில் செருப்பு: சென்னைச் சிப்பாயின் உடை இதுதான். ஆகவே முழங்கால்வரை ஏறும் காலுறையைக் கத்தியால் சீவி, வெறுங்காலின் தசையை வெளியே எடுக்க வேண்டும். தொப்பித் தலையை அறுத்துவிட்டு, கழுத்தில் துளையிட்டுக் கம்பி செருகிப் புதுத் தலையைப் பொருத்துவேன். எபொக்சி புட்டியை நூலாக உருட்டிச் சுற்றினால் தலைப்பாகை. கத்தி முனையைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே மடிப்புகளைக் கீற வேண்டும். இல்லாவிட்டால் புட்டி கத்தியோடு வந்துவிடும். விளையாடுகிறவர்களின் விரல் பட்டு வளையும் துப்பாக்கி முனைக் கத்திக்குப் பதிலாகக் குண்டூசித் துண்டை வைப்பேன்.

இத்தனைக்கும் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: தோல். கறுத்த முகம் என்றால் ஒரு கபில நிறத்தைப் பூசி, வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. வெள்ளை கலந்தால் தோல் சாம்பல் பூத்துப்போகும். காலையில் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள்: கன்ன எலும்பிலும் தோளிலும் வெயில் படும் இடத்தில் செம்மஞ்சள் சாயல் எழும், கழுத்து நிழலில் ஊதா கலந்த செம்மை தங்கும். நிழலுக்குக் கறுப்பை நான் தொடுவதேயில்லை. வெளிச்சத்துக்குக் காவி, அதன்மேல் மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் சிறிது செம்மஞ்சள். கைநீளத் தொலைவிலிருந்து பார்க்கப்படும் உருவம் என்பதால் இந்த வேறுபாட்டைச் சற்று மிகையாகவே காட்ட வேண்டும்.

உதவிக்கு வரும் தங்கை மகன், “எல்லோருக்கும் ஒரே கலவை போதாதா, மாமா?” என்றான்.

“ஒரே வீட்டுப் பிள்ளைகளே ஒரே நிறமில்லையே, தம்பி” என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் அவனே கலவையை மாற்றத் தொடங்கினான். இப்போது என்னைவிட அவனுக்குக் கண் கூர்மை.

வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே உலர்ந்துவிடுவதால் ஈரப் பஞ்சின்மேல் தாள் விரித்துக் கலக்கிறோம். மாரியில் வர்ணத்துக்கு முன் அடிக்கும் ஸ்பிரே பிறைமர் என்ற அடிப்பூச்சு வெளிறிவிடும் என்று தூரிகையால் பூசுகிறோம். அடித்தட்டுக்குக் கடற்கரை மணலே போதும், உப்புப் போகக் கழுவினால் சரி.

வாடிக்கையாளர் அடுத்ததாக ஒரு சுபேதாரை, அதாவது சிப்பாய்ப் படையின் இந்திய அதிகாரியை, கேட்டிருக்கிறார். அவருக்கு நரைத்த மீசை வைக்க வேண்டும் என்று மருமகன் பிடிவாதமாக நிற்கிறான். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.