கோயிலை என்ன செய்தார்கள்?

கோலாலம்பூரில் ஒரு பயண நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குழுவாக வெளிநாடு போகிறவர்களுடன் துணையாகப் போய்த் திரும்புவதுதான் என் வேலை. விமான நிலையத்தில் கடப்பிதழ்களை எண்ணுவதில் தொடங்கி, யார் எத்தனை மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட வேண்டும் என்பதுவரை என் தலையில்தான் இருக்கும். உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. எங்கள் குழுக்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் சம்பாதித்து அனுப்பிவைத்த பெற்றோர்கள். அவர்களுக்கு அந்த ஊர் கண்ணால் பாதி, என் வாயால் பாதி.

தென் பிரான்சுக்கான எங்கள் பயணத்தில் ஒரு நாள் வெர்தோன் ஆற்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நீஸ் நகரிலிருந்து காலை எட்டு மணிக்கு எட்டெட்டுப் பேராக இரண்டு வேன்களில் கிளம்புவோம். கிராஸ் வழியாக மலையேறி, காஸ்டெலான் என்ற சிற்றூரில் ஒரு காப்பி. பிறகு ஆற்றின் பிளவு, முஸ்தியே கிராமம், சாந்த் குருவா ஏரி. ஜூன் கடைசியாக இருந்தால் வலான்சோல் மேட்டுநிலத்தில் லாவெண்டர் வயல்களும் உண்டு.

முதல் சில ஆண்டுகள் அந்த நாளை நான் எண்களால் நடத்தினேன். பிளவின் நீளம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 700 மீட்டர். ஏரியின் பரப்பு 22 சதுர கிலோமீட்டர். சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்னக் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்திருந்தேன். எண்ணைச் சொல்லிவிட்டால் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

சொற்களில்தான் திண்டாட்டம். ‘பள்ளத்தாக்கு’ என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுதான் கண்ணில் வரும். அகன்று, பச்சையாக, நடுவில் மெல்ல ஓடும் ஓடை. இது அப்படி இல்லை. நின்ற மலையைக் கீறிப் பிளந்ததுபோல இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அடியில் நூல்போல ஆறு. ஒரு பயணத்தில் வந்திருந்த, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், “மலைப்பிளவு என்று சொல்லுங்கள், போதும்” என்றார். அன்றிலிருந்து அதுதான். கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்: “பத்துமலைப் பாறையும் இதே சுண்ணாம்புக் கல்தான். அந்தப் பாறையைப் பலமடங்கு உயரமாக்கி, நடுவே பிளந்து, உள்ளே ஓர் ஆற்றை விட்டால் எப்படி இருக்கும், அதுதான் இது.” சொன்னவுடன் வேனில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஆற்றின் நிறத்துக்கு நான் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ‘நீலப்பச்சை’ என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையிலிருந்து ஓர் அம்மா, “மயில் கழுத்து!” என்றார். பட்டுப்புடவை வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசியும் கரைந்திருக்கும் தாதுக்களும்தான் அந்த நிறத்துக்குக் காரணம் என்று பிறகு சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. மயில் கழுத்துக்குப் பிறகு தாது எதற்கு?

சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. இஞ்சி மிட்டாயும் கோடாலித் தைலமும் இல்லாமல் நான் அந்தச் சாலையில் ஏறியதே இல்லை. வயதானவர்களை முன்னிருக்கையில் உட்கார வைத்து, காலையில் பால் காப்பி வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரப்படாத பாடம்.

முஸ்தியே கிராமத்தில் மனம் தானாகவே தளரும். இரண்டு பாறைகளுக்கு நடுவே கட்டிய சங்கிலியில் ஒரு நட்சத்திரம் தொங்கும். சிலுவைப் போரில் சிறைப்பட்ட பிளாக்காஸ் என்ற வீரன், உயிரோடு ஊர் திரும்பினால் மாதாவுக்கு நட்சத்திரம் கட்டுவதாக வேண்டிக்கொண்டான் என்பது ஊர்க்கதை. “நேர்த்திக்கடன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். மேலே உள்ள மாதா சிற்றாலயத்துக்கு 262 படிகள், பத்துமலைக்கு 272. “பத்துப் படி குறைவுதானே” என்று சொல்லி எழுபது வயதுக்காரர்கள் ஏறிவிடுவார்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கி ஏறிய கால்கள் அவை.

2019 ஜூனில் போன குழுவில் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். எழுபத்தொரு வயது. மகள் பணம் கட்டி அனுப்பியிருந்தார். அதிகம் பேச மாட்டார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சுவரோரம் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். படி ஏறவில்லை, கீழே நின்றே கும்பிட்டார்.

மதியம் ஏரிக்கரைக்கு வந்தோம். ஹோட்டல் அறையில் விடியற்காலை எழுந்து சோறு வைத்துக் கிளறிய புளிச்சோற்றைத் தட்டுகளில் பரிமாறிவிட்டு, வழக்கம்போல் தொடங்கினேன். “இது இயற்கையான ஏரி இல்லை. அணை கட்டி உண்டாக்கியது. 1970-களில் நீர் நிரப்பினார்கள். அணையின் உயரம் 94 மீட்டர். மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது. லே சால் என்ற ஒரு கிராமம் இதற்குள் போய்விட்டது.” அடுத்த வரிக்குப் போக வாயெடுத்தேன்.

“கோயிலை என்ன செய்தார்கள், தம்பி?”

அந்த அம்மாதான். எனக்குச் சட்டென்று புரியவில்லை. “எந்தக் கோயில், அம்மா?” என்றேன்.

“ஊர் என்றால் கோயில் இருந்திருக்குமே.”

என் குறிப்பேட்டில் அதற்குப் பதில் இல்லை. வேன் ஓட்டி வந்த உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். நீர் ஏறுவதற்கு முன் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள், 1974-ல், தேவாலயத்தையும் சேர்த்து என்றார். ஏரிக்கு மேலே கரையில் புதிய ஊர் கட்டிக் கொடுத்தார்கள் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. புது ஊரில் எல்லாருக்கும் வீடு கிடைத்ததா? பழைய அக்கம்பக்கத்தவர்கள் புது ஊரிலும் அக்கம்பக்கமாக இருந்தார்களா? மாடுகளை எங்கே கட்டினார்கள்? சிலவற்றுக்கு வழிகாட்டியிடமும் பதில் இல்லை. “புது ஊருக்கு என்ன பெயர்?” என்று கடைசியாக அந்த அம்மா கேட்டார்.

“அதே பெயர்தான் அம்மா. லே சால்.”

“பெயரையாவது விட்டுவைத்தார்களே,” என்றார்.

அதன் பிறகு அவர் பேசியதை நான் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். பதினான்கு வயதில் அம்மாவோடு நிரைக்கு, அதாவது பால் எடுக்கும் மர வரிசைக்கு, வேலைக்குப் போனவர். விடியும் முன் பிரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு பட்டையைச் சீவும் மரம் வெட்டு, மங்கு என்ற கிண்ணங்களில் வடிந்த பாலை எடுத்துக் காண்டா என்ற தோள்கம்பில் தொங்கும் வாளியில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஊற்றுவது. திருமணம், நான்கு பிள்ளைகள், எல்லாம் அந்த லயத்து வரிசை வீட்டில். பிறகு தோட்டத்தை விற்றார்கள், நிலத்தை வீடமைப்புக்காரர்கள் வாங்கினார்கள். லயங்களை இடிக்கும்போது மாரியம்மன் கோயிலையும் எடுக்கச் சொன்னார்கள். ஊரார் பேசிப் பேசி, கடைசியில் உயரழுத்த மின்கோபுரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அம்மனை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஆட்கள் அடுக்குமாடிகளுக்கும் செந்தூலுக்கும் கிள்ளானுக்குமாகச் சிதறிவிட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு மட்டும் ஒன்றுகூடுகிறார்கள்.

தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பலகையில் அதுதான் இருந்தது. நம் ஆட்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. சாலையோரத்து மைல்கல்லை வைத்து ‘ஒன்பதாங்கட்டைத் தோட்டம்’ என்றார்கள். இப்போது அந்த இடம் ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. இரண்டு பெயரும் போய்விட்டன. ஆங்கிலப் பெயரையாவது பழைய வரைபடத்தில் தேடி எடுக்கலாம். ஒன்பதாங்கட்டை எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை.

நானும் தோட்டத்துக்காரன் பேரன்தான். சிறுதோட்டக்காரர்களுக்கு விற்றுத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறார். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக, 1960-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கியபோது, சம்பளத்திலிருந்து மாதம் பத்து வெள்ளி பிடித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பங்குச் சீட்டை மரணம்வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார். இதெல்லாம் தெரிந்த நான், ஒரு கிராமம் தண்ணீருக்குள் போனதை அணையின் உயரத்துக்கும் லாவெண்டர் வயலுக்கும் நடுவில் ஒரு வரியில் சொல்லி முடித்துவந்திருக்கிறேன். அன்று மாலை நீஸ் திரும்பும்வரை அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பும் விமானத்தில் அந்த அம்மாவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். லே சால் என்று எழுதியிருந்த பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல, ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தின் லயங்களை வரைந்தேன். ஆறு லயங்கள், கிணறு, பால் கொட்டகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி. கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் அரச மரம். “இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்,” என்று திருத்தினார்.

அதன் பிறகு படிக்கத் தொடங்கினேன். வழிகாட்டி வேலையில் நாம் சொல்வதில் பாதி, வேறு யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்வது. அதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன். 1905-ல் மார்த்தேல் என்ற ஆய்வாளர் இந்த மலைப்பிளவை முழுதும் கடந்தார் என்று மட்டும் சொல்லிவந்தேன். அவரோடு போனவர்களில் இசிதோர் பிளான் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் உண்டு. இன்று அங்குள்ள நடைபாதைக்கு ‘பிளான்–மார்த்தேல் பாதை’ என்றுதான் பெயர். ஆசிரியர் பெயர் முன்னால் வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மார்த்தேல் அங்கே வந்ததே நீர்வளத்தை ஆராயத்தான். நீர் தேடி வந்தவர்களுக்கும் பின்னால் வந்த அணைக்கும் நடுவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். அந்த எழுபது ஆண்டுகளும் லே சால் ஊரார் உழுதுகொண்டும் ஆடு மேய்த்துக்கொண்டும் இருந்திருப்பார்கள்.

அலுவலகத்தில் ஒரு சின்னப் போராட்டமும் நடந்தது. புதிய லே சாலில் ஐம்பது நிமிடம் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்றார்கள். பழமையான ஊர் இல்லை. அப்போது ஐம்பது ஆண்டுகூட ஆகாத வீடுகள், ஒரு சதுக்கம், மரநிழல், கீழே ஏரி. லாவெண்டர் நிறுத்தத்தைக் குறைத்துத்தான் அந்த நேரத்தை எடுக்க முடிந்தது. லாவெண்டரில் நிறையப் படம் எடுக்க முடியவில்லை என்று குறை எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பணம் கட்டி வந்தவர்கள். ஆனாலும் அந்த ஐம்பது நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

2022 கோடையில் அங்கே கடும் வறட்சி. ஏரி பல மீட்டர் இறங்கி, கரையைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. மலைப்பிளவுக்குள் படகில் போக முடியவில்லை. நான் திரும்பிய வாரத்தில் செந்தூல் அம்மா தொலைபேசியில் அழைத்தார். ஐரோப்பாவில் ஆறுகள் வற்றுகின்றன என்று தொலைக்காட்சியில் பார்த்தாராம்.

“ஊர் தெரிந்ததா, தம்பி?”

“இல்லை அம்மா. அது இன்னும் ஆழத்தில் இருக்கிறது.”

படித்ததில் ஒன்றை அவருக்கு அப்போது சொன்னேன். பழைய ஊரைத் தவிர ஒரு பெரிய நீரூற்றும் அந்த ஏரிக்குள் போயிருக்கிறது. ‘ஆயர் ஊற்று’, அதாவது பிஷப்பின் ஊற்று, என்று பொருள்படும் பெயர் அதற்கு. சுண்ணாம்பு மலைக்குள் இறங்கும் மழைநீரெல்லாம் சேர்ந்து வெளியே பெருகிவந்த இடம்.

“அதையும் வெடி வைத்தார்களா?”

“இல்லை. மேலே தண்ணீர் ஏறி மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.”

“அப்படியானால் உள்ளே ஊறிக்கொண்டுதானே இருக்கும்?”

“ஊறிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னணியில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு, ஆடித் திருவிழாவுக்கு என்னை அழைத்தார். மின்கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வரச் சொன்னார். தாமானின் பெயரைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூழ் ஊற்றுவார்கள், பாத்திரம் ஒன்று எடுத்துவாருங்கள் என்றார்.