காளிதாசா சாலை மகாபோதி: நாலு பேரோடு சேர்ந்து மூச்சைப் பார்க்க ஓர் இடம்

பெங்களூரு மெஜஸ்டிக்கில் இறங்கி, சினிமா தியேட்டர்கள், லாட்ஜுகள், மொத்த வியாபாரக் கடைகள் என்று கால் வைக்க இடமில்லாத காந்திநகரைத் தாண்டி காளிதாசா சாலைக்கு நடந்தே போய்விடலாம். மகாபோதி சங்கம் என்ற பௌத்த விகாரை அங்கேதான் இருக்கிறது. உள்ளே புத்தகயா கோயிலின் சாயலில் கோபுரம், போதி மரம், தியான மண்டபம், பிக்குகள் தங்கும் அறைகள், நூலகம். இந்த ஊரில் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இதைத் தொடங்கியவர் ஆச்சார்ய புத்தரக்கித தேரர். 1922-ல் இம்பாலில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் வேலை பார்த்தவர், போரைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிக்குகளின் சீவர ஆடைக்குப் போனவர். ரங்கூனில் ஆறாம் சங்காயனம், அதாவது பௌத்த நூல்களைக் கூடி ஓதிச் சரிபார்க்கும் பிக்குகளின் மாநாடு, நடந்தபோது பாலி மொழி நூல்களைச் சரிபார்க்கும் பணியிலும் இருந்திருக்கிறார். 1956-ல் இங்கே மகாபோதி சங்கத்தை ஆரம்பித்தார். புத்தர் பரிநிர்வாணம் (மறைவு) அடைந்து 2500 ஆண்டுகள் ஆனதை ஆசியா முழுக்கக் கொண்டாடிய வருஷம் அது, அதே வருஷம் அக்டோபர் 14-ல்தான் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார். தேரர் 2013-ல் காலமானார். அவரை நேரில் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இல்லை, ஆனால் அவரிடம் வளர்ந்த பிக்குகளின் பேச்சிலும் நடையிலும் அவர் இன்னும் இருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

மாலை வழிபாட்டுக்குப் போனால் முதலில் மனசில் நிற்பது அதன் எளிமை. கூடை கூடையாக மாலை கிடையாது, அர்ச்சனைச் சீட்டு கிடையாது, யாரும் பெயர் நட்சத்திரம் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஒரு மணையை எடுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான். பிக்குகள் முன்னால், நாம் பின்னால். 'நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ ஸம்மா ஸம்புத்தஸ்ஸ' என்று மூன்று முறை சொல்லி, புத்தம் தம்மம் சங்கம் மூன்றையும் சரணடைந்து, பஞ்சசீலம் எடுத்துக்கொள்கிறோம். கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதைப்பொருள் தொடாமை, இந்த ஐந்தும் மேலிருந்து ஒருவர் போடும் கட்டளையாக வருவதில்லை, இந்தப் பயிற்சியை நான் மேற்கொள்கிறேன் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்கிறோம். தினமும் சொல்கிற ஒன்றைத் தினமும் மீறிக்கொண்டிருக்க மனசு கூசும். அதுதான் அதன் பலம்.

அப்புறம் பூ. தட்டில் நாலைந்து பூக்களை வைத்து புத்தர் முன்னால் வைக்கும்போது ஒரு பாலிச் செய்யுள் சொல்கிறார்கள். 'புப்பம் மிலாயதி யதா இதம் மே, காயோ ததா யாதி வினாஸபாவம்' என்று அது முடியும், இந்தப் பூ வாடுவது போலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று பொருள். சின்ன வயசிலிருந்து எத்தனையோ சந்நிதிகளில் பூப்போட்டிருக்கிறேன், இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்டுக்கொண்டே. இங்கே பூவை வைத்துவிட்டு எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் நேற்றைய தட்டு இருந்தால் அதில் ஓரமெல்லாம் பழுத்துச் சுருண்ட இதழ்களையும் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். கண்ணீர் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினேன்.

பாராயணம் முடிந்ததும் விளக்கு குறைந்து தியானம் தொடங்கும். சொல்லித்தருவது ஆனாபானசதி, மூச்சைக் கவனிக்கும் பழைய முறை. மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம், பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் சிரமம். நாசித் துவாரத்துக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே, காற்று படுகிற இடத்தில் கவனத்தை வைத்துக்கொண்டு, நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொண்டு இருந்தால் போதும். நிற்கவில்லை என்றால் எண்ணலாம், ஒன்று முதல் பத்து வரை, நழுவினால் மறுபடி ஒன்று. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் மூன்றைத் தாண்டுவதற்குள் மனசு ஆபீஸுக்குப் போய், வாடகைக்குப் போய், பத்து வருஷம் முந்தைய ஒரு சண்டைக்குப் போய் வருவது தெரிகிறது.

முழங்கால் வலியைப் பற்றி ஒரு பந்தேயிடம் (இங்கே பிக்குகளை எல்லோரும் பந்தே என்றுதான் கூப்பிடுகிறார்கள்) கேட்டேன். அவர் சொன்னது: வலி வந்த உடனே காலை மாற்றாதீர்கள், முதலில் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எழுவதைப் பாருங்கள், அப்புறம் வலி எங்கே இருக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா பாருங்கள், அப்போதும் தாங்கவில்லை என்றால் மெதுவாக, தெரிந்தே மாற்றிக்கொள்ளுங்கள். இது சொல்லித் தெரிகிற விஷயம் கிடையாது, செய்து பார்த்தபோது பாதி வலி வலியே இல்லை, இது எப்போது முடியும் என்ற பதற்றம்தான் என்று தெரிந்தது. மனசை மறைக்கும் ஐந்து தடைகளைப் பற்றியும் அவர் சொல்வார். ஆசை, வெறுப்பு, சோம்பல் தூக்கம், பரபரப்பும் வருத்தமும், சந்தேகம். இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், வந்திருக்கிறது என்று அடையாளம் கண்டால் போதும் என்பார். என்னுடையது நாலாவது. உட்கார்ந்த அடுத்த நிமிஷம் வந்துவிடும்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாமே, ஆயிரம் ஆப் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் மண்டபத்தில் பக்கத்தில் ஒருவர் அசையாமல் இருக்கும்போது நமக்கும் ஒரு தைரியம் வருகிறது, எழுந்துபோகத் தோன்றும் அந்த மூன்றாவது, நாலாவது நொடியை அது தாண்டவைத்துவிடுகிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த சங்யுத்த நிகாயத்தில் ஓர் இடம் உண்டு. நல்ல நட்பு இந்தத் துறவு வாழ்க்கையில் பாதி என்று சீடர் ஆனந்தர் புத்தரிடம் சொல்கிறார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, பாதி இல்லை, முழுசுமே அதுதான் என்கிறார் புத்தர். இந்த விகாரைக்கு வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க அந்த வரிதான் எனக்குச் சரியான விளக்கமாகப் படுகிறது. அம்பேத்கர் இயக்கத்தின் நீலக் கொடியோடு வரும் மராட்டியக் குடும்பம், லடாக்கிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், மென்பொருள் கம்பெனிக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு அப்படியே வருகிற ஒருவர். வெளியே இவர்கள் ஒரே வரிசையில் உட்கார ஒரு காரணமும் இருக்காது.

சங்கதானம், அதாவது பிக்குகளுக்கு உணவளிப்பது, நடக்கும் நாளில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். பிக்குகள் நடுப்பகலுக்குப் பிறகு திட உணவு எடுப்பதில்லை என்பதால் எல்லாம் அதற்குள் தயாராக வேண்டும். காலையிலேயே காய் நறுக்க ஆள் வந்துவிடுவார்கள். யார் பெரிய பதவி, யார் என்ன ஊர் என்பது வெங்காயம் உரிக்கும்போது தெரியாது. பரிமாறும்போது ஒரு பழக்கம் உண்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும், பிக்கு கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பிடுவார், தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். சாம்பார் வாளியோடு நான் நின்ற இடத்தில் ஒரு சின்ன சாமணேரர் (இளம் துறவி), பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், ஒரு கரண்டி விழுந்ததும் கையால் மறைத்துப் போதும் என்று காட்டினார். நம் வீட்டுப் பையன்கள் அப்பளத்துக்குச் சண்டை போடும் வயசு. பிக்குகள் சாப்பிட்டு ஆசி கூறிப் பாராயணம் செய்த பிறகு நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், தட்டை அவரவரே கழுவி வைத்தோம்.

அந்தச் சாமணேரரைப் போல இங்கே இருக்கும் பிள்ளைகளில் பலர் அருணாசலப் பிரதேசத்திலிருந்தும் திரிபுராவிலிருந்தும் வந்தவர்கள், பௌத்தப் பழங்குடியான சக்மா குடும்பங்கள் நிறைய. கிழக்குப் பாகிஸ்தானில் கர்ணபுலி ஆற்றின் குறுக்கே கப்தாய் அணை கட்டியபோது சக்மாக்களின் நிலமெல்லாம் தண்ணீருக்குள் போனது, 1964 வாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு வந்து இன்றைய அருணாசலில் குடியேற்றப்பட்டார்கள். அங்கே தியூன் என்ற ஊரில் மகாபோதிக்குக் கிளை இருக்கிறது, லடாக்கின் லே, மைசூர் என்று இன்னும் பல இடங்களிலும் பள்ளியும் விடுதியும் இருக்கின்றன. மழை கொட்டும் மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் இங்கே அழகாகக் கன்னடம் பேசி, கடைக்காரரோடு கணக்குப் பார்ப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. விக்டோரியா ஆஸ்பத்திரியில் மகாபோதி கட்டிக்கொடுத்த தீக்காயப் பிரிவு இருக்கிறது. மூச்சைப் பார்ப்பவர்கள் உலகத்தை விட்டு ஒதுங்கியவர்கள் என்று நினைப்பவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

நான் ரொம்ப மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோலார் தங்கவயலிலிருந்து வரும் ஓர் அம்மா. மாரிகுப்பத்தில் ரயிலேறி பங்காருபேட்டை வழியாக வந்து, மெஜஸ்டிக்கில் இறங்கி நடந்தே வந்துவிடுவார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு ஒயர் கூடை, அதில் பூவும் ஊதுவத்தியும். தமிழ் கேட்டதும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். "எங்க தாத்தா காலத்துலயே எங்க வீட்ல புத்தர் படம்தான் தம்பி. கல்யாணம்னா பஞ்சசீலம் சொல்லித்தான் நடக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. 1898-ல், சாதி எதிர்ப்பின் தமிழ் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சுரங்க வேலைக்காக வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தங்கவயல் போன தமிழர்கள் மாரிகுப்பத்தில் அதன் கிளையை வைத்தார்கள். பூமிக்கு அடியில் இறங்கி உயிரைக் கொடுத்து வேலை பார்த்துவிட்டு மேலே வந்து, சாதியைக் கேட்காத ஒரு தர்மத்தைக் கூடிப் படித்தவர்கள் அவர்கள். 1907-ல் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயல்தான் பெரிய பலம். சுரங்கம் 2001-ல் மூடிவிட்டார்கள். அந்த அம்மாவின் பிள்ளைகள் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அவர் பௌர்ணமிக்கு வருகிறார், எட்டு சீலம் எடுத்துக்கொண்டு நடுப்பகலுக்குப் பின் ஒன்றும் சாப்பிடாமல் உபோசத விரதம் இருக்கிறார். எனக்கு மனசு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "நின்னா என்ன, ஓடினா என்ன, நீ உட்காரு. ஓடிட்டு அதுவா வரும்" என்றார். அவ்வளவுதான், கூடையைத் திறந்து பூவைப் பிரித்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தியானம் முடியும் முன் மெத்தா, அதாவது அன்பைப் பரப்புவது. முதலில் தனக்கு, பிறகு வேண்டியவருக்கு, பழக்கமில்லாதவருக்கு, பிடிக்காதவருக்கு, கடைசியில் எல்லா உயிருக்கும். பிடிக்காதவரின் முகம் வரும்போது மனசு கதவைச் சாத்திக்கொள்ளும். எனக்கு வரும் முகம் பழைய வேலையிடத்து மேலதிகாரி ஒருவருடையது. அவர் நலமாக இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்தாலும் நெஞ்சு வராது, பந்தே அதற்கும் அவசரப்படுத்துவதில்லை, இன்று வரவில்லை என்றால் அடுத்தவருக்குப் போங்கள் என்கிறார். இப்போதெல்லாம் அந்த முகம் வந்தால் பல் கடிப்பது நின்றிருக்கிறது. அதற்குமேல் இன்னும் போகவில்லை.

முதல்முறை போகிறவர்கள் புத்த பூர்ணிமாவுக்குப் போனால் கூட்டத்தில் பிக்குகளோடு பேச முடியாது, ஏதாவது ஒரு சாதாரண நாள் மாலையில் போங்கள். எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள், போனை அணைத்துவிடுங்கள். பாலி தெரியாவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிடும்.

ஆனால் புத்த பூர்ணிமா என்ற அந்த வைகாசிப் பௌர்ணமியையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றும் அந்த ஒரே பௌர்ணமியில் என்பது மரபு. அன்று போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரிசை நிற்கும், மாலையில் மரத்தைச் சுற்றி விளக்கு வைப்பார்கள். சித்தார்த்தருக்குச் சுஜாதை கொடுத்த பால்சோற்றின் நினைவாக எல்லோருக்கும் பாயசமும் உண்டு. அடுத்த முறை பாயசத்தை எங்கள் ஆட்கள் ஏற்றிருக்கிறோம். தங்கவயல் அம்மா ஏலக்காய் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அடுப்படிக்கு இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறது, பெங்களூரில் இருக்கிறவர்கள் யாராவது வந்தால் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.