டிப் ஸ்டிக் இல்லாத காருக்கு வாசலிலேயே ஆயில் மாற்றுவது

வண்டி பிஎம்டபிள்யூ 328ஐ. எஃப்30 பாடி, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், என்20 என்ஜின். இடம் கும்பகோணம், வீட்டு வாசல். ஸ்பானர் பிடித்துப் பழகியவருக்கு இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஃபில்டர் என்ஜினின் மேல்பக்கமே இருக்கிறது, ஆயிலை வடிக்க அடியில் கழற்ற வேண்டியது, பிளாஸ்டிக் மூடியை விட்டால், ஒரே ஒரு 17 எம்எம் போல்ட். கஷ்டமெல்லாம் அளவில்தான். ஆயில் மட்டத்தை உருவிப் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் இந்த வண்டிக்குக் கிடையாது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை சென்சார்தான் சொல்லும், அதுவும் என்ஜின் சூடேறி, வண்டி மட்டமாக நின்றால்தான் சரியாகச் சொல்லும். அதனால் வெளியே எடுத்தது எவ்வளவு, உள்ளே ஊற்றியது எவ்வளவு என்று அளந்து எழுதி வைக்கும் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

முதலில் ஆயில். கடையில் போய் "பிஎம்டபிள்யூவுக்கு 5டபிள்யூ-30 கொடுங்க" என்று கேட்டால் போதாது. 5டபிள்யூ-30 என்பது எவ்வளவு கெட்டி என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த 5டபிள்யூ குளிர்நாட்டில் காலையில் ஸ்டார்ட் செய்பவர்களுக்கான எண். மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்க வேண்டியது கேனின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் 'பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01' என்ற அப்ரூவல். "அப்ரூவல்" என்று போட்டிருந்தால் பிஎம்டபிள்யூ சோதித்து ஒப்புக்கொண்டது. "ஏற்றது", "பொருந்தும்" என்று மட்டும் இருந்தால் அது ஆயில் கம்பெனி தன் வாயால் சொல்வது. லாங்லைஃப்-01 ஆயில், 150 டிகிரி சூட்டில் கடுமையாக அழுத்தித் தேய்க்கும்போதும் 3.5 மில்லிபாஸ்கல் செகண்டுக்குக் குறையாத கெட்டித்தன்மை காட்ட வேண்டும். டர்போவின் தண்டும் கிராங்க் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருப்பது அந்த மெல்லிய படலத்தால்தான். சித்திரை வெயிலில் தஞ்சாவூர் ரோட்டில் ஓடிவிட்டு வந்து உடனே அணைக்கிற வண்டிக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

லாங்லைஃப்-04 என்றும் ஒன்று அலமாரியில் இருக்கும். டீசல் வண்டியின் புகை ஃபில்டர் அடைக்காமல் இருக்க, சாம்பல் குறைவாக விடும்படி செய்தது. சாம்பலைக் குறைக்கும்போது அமிலத்தை முறிக்கும் சரக்கும் குறைந்துபோகும். பெட்ரோலில் கந்தகம் அதிகமாக இருந்த காலத்தில் அது ஆபத்து. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 எரிபொருள் வந்து கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்தபின் அந்தப் பயம் பெருமளவு போய்விட்டது. இருந்தாலும் என்20-க்கு 01 கிடைக்கும்போது 04-ஐத் தேடிப் போகக் காரணமே இல்லை. லாங்லைஃப்-17எஃப்இ பிளஸ் என்று வரும் 0டபிள்யூ-20 ஆயிலை மட்டும் தொடவே கூடாது. தண்ணீர் மாதிரி மெல்லியது, புதிய என்ஜின்களுக்காக வந்தது.

தேவை 5 லிட்டர். ஃபில்டரோடு சேர்த்து மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு அது. ஃபில்டரை கிட்டாக வாங்குங்கள். பேப்பர் ஃபில்டர், ஃபில்டர் மூடிக்கான பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ட்ரெயின் போல்ட்டுக்கான (ஆயில் வடிக்கும் அந்த 17 எம்எம் போல்ட்) வாஷர் மூன்றும் உள்ளே இருக்கும். தனி ஃபில்டர் மலிவு என்று வாங்கிவிட்டுப் பழைய வாஷரையே போடுகிறவர்கள்தான் ஒரு வாரம் கழித்து வாசல் தரையில் கறை பார்க்கிறார்கள். மூடியைக் கழற்ற 86 எம்எம், 16 பட்டை உள்ள கப் ரெஞ்ச் வேண்டும். செயின் ரெஞ்ச், பெல்ட் ரெஞ்ச் எல்லாம் பிளாஸ்டிக் மூடியை விரிசல் விட வைக்கும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் சின்னதாக இருக்க வேண்டும், 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது. வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் பெரும்பாலும் 40-ல்தான் ஆரம்பிக்கும். இங்கே நமக்கு வேண்டியது 25.

அடுத்தது தரை. டெல்டா பூமி தட்டையானதுதான், ஆனால் வீட்டு வாசல் தட்டை இல்லை. மழைத்தண்ணீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்தே பூசியிருப்பார். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களமும் அப்படியே, நடுவில் லேசாக மேடு இருக்கும். ஆயில் வடிப்பதற்கு வாட்டம் ஒரு குறையில்லை. லெவல் பார்க்கும்போதுதான் அது ஏமாற்றும். ரசமட்டத்தை ஒரு நீளப் பலகைமேல் வைத்து, நான்கு டயரும் நிற்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைத்துவிடுங்கள். வாசலில் அப்படி இடம் இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கிலோ கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கிலோ தேடுங்கள்.

வண்டியைத் தூக்க, கதவுக்கு அடியில் இருக்கும் நீள்சதுர பிளாஸ்டிக் பேடில் மட்டுமே ஜாக்கி வைக்க வேண்டும். இரும்புத் தலை நேராகப் படாமல் நடுவில் ரப்பர் கட்டை. தூக்கியதும் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு, பின் டயருக்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ராம்ப் மேல் ஏற்றலாம் என்றால் முன் பம்பர் தாழ்வாக இருப்பதால் முதலில் இடிக்கும், ராம்ப்புக்கு முன்னால் பலகை அடுக்கி வாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் பெரிய பிளாஸ்டிக் மூடி. 8 எம்எம் ஸ்க்ரூக்கள். ட்ரெயின் போல்ட்டுக்கு மட்டும் வழிவிடும் சின்னக் கதவு இருக்கிறது, ஆனால் அறுவடை முடிந்த சமயத்தில் முழு மூடியையும் இறக்குவதுதான் சரி. ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காய்ந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் ஏறிப் போகாமல் இங்கே யாராலும் கார் ஓட்ட முடியாது. மூடியை இறக்கினால் மேல்பக்கம் வைக்கோல், பதர், தூசி எல்லாம் மெத்தை மாதிரி படிந்திருக்கும். அதில் ஆயில் சொட்டி ஊறியிருந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே ஊறியிருக்கிறது என்று பாருங்கள், லீக் எங்கே என்பதை அந்த ஈரமே காட்டிவிடும். சைலன்சர் குழாயை ஒட்டிச் சிக்கியிருக்கும் வைக்கோலை ஒரு துரும்பு விடாமல் எடுங்கள். காய்ந்த வைக்கோலும் சுட்ட இரும்பும் பக்கத்தில் இருக்கக் கூடாதவை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் ஓடும் வண்டியில் இந்த ஸ்க்ரூக்கள் உப்புக்காற்றில் துருவேறி உட்கார்ந்திருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் தலை உடையாது.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டி, அணைத்து, கால் மணி நேரம் விட்டு ஆரம்பிப்பது நல்லது. சூட்டில் அழுக்கு ஆயிலோடு கலந்து வெளியே வரும். ஆனால் அணைத்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். கையுறை கட்டாயம். பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல்.

மேலே ஃபில்டர் மூடியைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். நாலைந்து சுற்று திருகி அப்படியே விட்டால், ஃபில்டர் கூட்டில் நிற்கும் ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு இறங்கும். அதற்குப் பிறகு அடியில் 17 எம்எம் பாக்ஸ் ஸ்பானர். கடைசிச் சுற்றைக் கையால் உள்பக்கமாக அழுத்தியபடி திருகி, சட்டென்று விலக்குங்கள். முதலில் ஆயில் சாய்வாகப் பீய்ச்சும், பிறகு நேராக விழும், கடைசியில் நூலாக இறங்கும். ஆடிக் காற்றில் செய்கிறவர்கள் அந்த நூலைக் கவனியுங்கள். காற்று அதைத் தட்டுக்கு வெளியே தள்ளிவிடும். 8 லிட்டர் தாங்கும் அகலத் தட்டு வைத்து, அரை மணி நேரம் வடிய விடுங்கள்.

வடிந்ததை லிட்டர் குவளையில் அளக்க வேண்டாம், எடை போடுங்கள். சூட்டில் ஆயில் விரியும். 90 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் 5 லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லி வித்தியாசம் வந்துவிடும். எடை அப்படி மாறாது. லிட்டருக்குச் சுமார் 850 கிராம் என்று வைத்தால் 5 லிட்டர் 4.25 கிலோ. மளிகைக்கடை டிஜிட்டல் தராசு போதும், காலிக் கேனின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 3.7 கிலோதான் வந்தது என்றால் 4.35 லிட்டர்தான் இருந்திருக்கிறது, மீதியை என்ஜின் குடித்திருக்கிறது, அல்லது போன முறை குறைவாக ஊற்றியிருக்கிறார்கள். 4.7 கிலோ வந்தால் அதுவும் நல்ல சேதி இல்லை. முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் 2 கிலோமீட்டர் போய் வந்தே வண்டி காலம் தள்ளியிருக்கிறது. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின் இது. சூடேறாமல் அணைத்துக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அப்படி ஓடும் வண்டிக்கு டிஸ்ப்ளே சொல்லும் நீண்ட சர்வீஸ் இடைவெளியை நம்பக் கூடாது. 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டுத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியில் ஆயில் டிகிரி காபி நிறத்தில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றினால் தீராது, ஸ்டார்ட் செய்யாமல் வொர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதுதான்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். என்20-ல், குறிப்பாக 2015-க்கு முந்தைய வண்டிகளில், டைமிங் செயினை (கிராங்கோடு சேர்த்து வால்வுகளை இயக்கும் செயின்) தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைவது பிரசித்தமான கோளாறு. மடிப்புக்குள் நகக்கண் அளவில் பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு சிக்கியிருந்தால், அடுத்து உடையப்போவது செயின் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைடு முழுசாக உடைந்து செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். இந்த ஒரு நிமிடப் பார்வைக்காகவே சொந்தமாக ஆயில் மாற்றலாம் என்பது என் கருத்து.

வாஷர் விஷயத்தில் நடக்கும் தப்பு எப்போதும் ஒன்றுதான். பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் சம்ப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆயில் பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேலேயே புதியதைப் போட்டு இறுக்கினால் இரண்டுக்கும் நடுவில் கசியும். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு போல்ட்டைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றி, 25 நியூட்டன் மீட்டர். கிளிக் என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். சம்ப் அலுமினியம். "இன்னும் ஒரு இழுப்பு" என்று இழுத்தால் மரை கழன்று போல்ட்டோடு வந்துவிடும்.

மேல் மூடியில் பழைய ஓ-ரிங்கை வெட்டி எடுத்து, புதியதில் புது ஆயில் தடவி, பழையது இருந்த அதே பள்ளத்தில் உட்கார வையுங்கள். மரைப் பக்கம் ஏறி உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிடும். ஃபில்டரை மூடியில் சொருகும்போது சிக்கும் சத்தம் வர வேண்டும். இதுவும் 25 நியூட்டன் மீட்டர்தான், மூடியின் தலையிலேயே பொறித்திருக்கும்.

5 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். 4.5 ஊற்றி மூடியைப் போடுங்கள். மினிமம் கோட்டுக்கும் மேக்ஸிமம் கோட்டுக்கும் இடையில் 1 லிட்டர் இருப்பதால் 4.5-ல் ஓட்டினால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அதிகமாகிவிட்டால் திரும்ப வடிப்பது பெரும்பாடு, கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் 2 நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டையும் மூடியையும் டார்ச் அடித்துப் பார்த்தபின் அடிமூடியை ஏற்றலாம்.

பிறகு 10, 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, குறித்து வைத்த மட்டமான இடத்தில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் வெஹிக்கிள் ஸ்டேட்டஸுக்குள் என்ஜின் ஆயில் லெவலுக்குப் போய் அளக்கச் சொல்லுங்கள். சுமார் ஒரு நிமிடம் எடுக்கும். அதற்குள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவோ வண்டியை நகர்த்தவோ கூடாது. அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்த்து 250 மில்லி ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி அளவு. மேக்ஸிமத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். ஊற்றிய மொத்த அளவை கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள், அடுத்த முறை தராசில் வரும் எண்ணை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சர்வீஸ் ரீசெட்டுக்கு, பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி, மீட்டரில் உள்ள ட்ரிப் பட்டனைப் பட்டியல் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டியலில் பிரேக் ஆயில், பேட் எல்லாம் வரிசையாக வரும். என்ஜின் ஆயில் வந்த பிறகுதான் ரீசெட் கொடுக்க வேண்டும். அவசரத்தில் பிரேக் ஆயிலை ரீசெட் செய்துவிட்டால், கெட்ட பிரேக் ஆயிலோடு இரண்டு வருடம் ஓட்டுவீர்கள்.

ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு இருந்தால் தெரியும்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். கரையானுக்கு என்று மரத்தில் பூசவும், சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் கேட்டு ஆள் வருவார்கள். கொடுக்காதீர்கள். 2016-ன் அபாயக் கழிவு விதிகளின்படி இது அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போக வேண்டிய சரக்கு. அவர்களுக்கு டிரம் டிரம்மாக அனுப்பும் பெரிய வொர்க்‌ஷாப்பில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். வாசலுக்கு எதிரே ஓடும் வாய்க்காலில் ஒரு குவளைகூடக் கவிழ்க்கக் கூடாது. அந்தத் தண்ணீர்தான் அடுத்த மடையில் நாற்றங்காலுக்குப் பாய்கிறது, மாடும் அதைத்தான் குடிக்கிறது. ஃபில்டரை ஒரு ராத்திரி புனலில் கவிழ்த்து வைத்தால் இன்னும் கொஞ்சம் வடியும். அதையும் அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.